இருபத்துநாலில் ஒரு பங்கு நாய்

வைத்தியநாத சுவாமி சந்நிதியில் நிறுத்தி, கற்பூரத்தை அடித்து அணைக்கச் சொன்னாலும் அணைப்பேன். கீழே எழுதியிருப்பது அத்தனையும் நடந்தது. இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் என் வலது கை விளங்காமல் போகட்டும். நான் இடதுகைக்காரன் என்பதை இத்தோடு முடிச்சுப் போட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் எல்லாம் என் மச்சினன் சுயம்புலிங்கத்தின் ஆட்கள்.

என் பெயர் ஐயாதுரை. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சுயம்புலிங்கம் என் மனைவி ஆவுடையம்மாளின் தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு. பால்கோவாக் கடை வைத்திருந்தான், இப்போது மகன் பார்க்கிறான். எனக்கு ஒன்பது வயசு இளையவன். முறைப்படி அவன் என்னை அத்தான் என்று கூப்பிட வேண்டும். நாற்பது வருஷமாகக் கூப்பிடவில்லை.

காரணம் சின்னது. கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்குப் போயிருந்தேன். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயசு. முதன்முதலாகத் தானே கிண்டிய பால்கோவாவைக் கொண்டுவந்து என் இலையில் வைத்தான். நான் ஒரு வாய் போட்டுவிட்டு, "சீனி கொஞ்சம் முந்துதே" என்றேன். உள்ளதைச் சொன்னேன். அன்றிலிருந்து நான் அவனுக்கு 'ராஜபாளையத்தார்'. என் முகத்துக்கு நேரே பேசும்போதுகூட யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் பேசுவான். எனக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்தவன், "ராஜபாளையத்தாருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று நர்ஸிடம் கேட்டிருக்கிறான். "இங்க படுத்திருக்கிற அம்புட்டுப் பேரும் ராஜபாளையத்தார்தான், எந்தக் கட்டிலு?" என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறது. கட்டில் நம்பரைச் சொன்னானே ஒழிய, அத்தான் என்று சொல்லவில்லை.

கடையை மகனிடம் விட்டதும் அவனுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. பொம்மை ஒட்டுகிற கிறுக்கு. ரெசின் என்று ஒரு சரக்கு இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிகள் அதில் மனுஷனை வார்த்து, கை தனி, கால் தனி, தலை தனி என்று துண்டு துண்டாக டப்பாவில் போட்டு விற்கின்றன. வாங்குகிறவன் தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்து நிறுத்த வேண்டும். முழு மனுஷனாகவே விற்றால் என்ன கேடு என்று கேட்டால் பதில் கிடையாது. அப்படிப் பத்தொன்பது பேரை ஒட்டி, கண்ணாடி அலமாரிக்குள் நிறுத்தி, லைட்டும் போட்டிருந்தான். ஆண்டாள் தேருக்கு வருகிற சொந்தக்காரர்கள் அந்த அலமாரியைப் பார்க்காமல் ஊர் திரும்ப முடியாது.

போன பங்குனியில் அவன் பேத்திக்குக் காதுகுத்து. முதல் பந்தியில் எனக்கு இடம் போடவில்லை. போடவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். நிற்கிற நேரத்துக்கு என்ன செய்வது, அலமாரி திறந்திருந்தது, ஒரு குதிரைவீரனின் ஈட்டியை லேசாகத் தொட்டேன். ஈட்டி கையோடு வந்துவிட்டது.

"தொடாதீங்கன்னு எழுதி ஒட்டிருக்கு. ராஜபாளையத்தார் படிக்க மாட்டாவளோ?" என்று பின்னால் குரல்.

"ஒட்டுனது சரியில்ல மாப்ளே. தொட்டாலே வருது."

"ஒட்டுனது சரியாத்தான் இருக்கு. தொட்ட கைதான் மில்லுல நட்டு முடுக்குன கை. அவியளுக்கு ஸ்பானரைக் குடுத்தாத்தான் கை நிதானத்துல நிக்கும்."

பந்தி சிரித்தது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவனும் சிரித்தான். அதில் ஒரு பெரியவரின் வேட்டி பாழானது. அவரும் சிரித்தார்.

"ஏலே, ஆயிரம் ஸ்பிண்டில் ஓடுற மிஷின்ல ஒரு நூல் அறாமப் பாத்த கை இது. உன் பொம்மை எம்மாத்திரம்? ஒரு வாரத்துல செஞ்சிருவேன்."

"செஞ்சு காட்டச் சொல்லுங்க," என்றான், ரசக்காரனைப் பார்த்து.

"செஞ்சா?"

அவன் ஈட்டியை என் கையிலிருந்து இரண்டு விரலால் எடுத்தான். "வர்ற சித்திரை ஒண்ணாந்தேதி, டப்பா மேல படத்துல இருக்கிற மாதிரி ஒரு பொம்மையை முழுசாச் செஞ்சு இந்த வீட்டுக்குக் கொண்டாந்துட்டா, அத்தனை பேரு முன்னாலயும் அத்தான்னு கூப்பிடுதேன். இல்லைன்னா அவிய என்னை அண்ணாச்சின்னு கூப்பிடணும். நேர்லயும் சரி, போன்லயும் சரி. சாகுற மட்டும்."

ஒன்பது வயசு இளையவனை அண்ணாச்சி என்று கூப்பிடுவதற்கு அன்றைக்கே செத்துவிடலாம். சரி என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆவுடையம்மாள் சொன்னாள்: "நாப்பது வருஷமா நான் நடுவுல கெடந்து அரைபடுதேன். அன்னைக்கு நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா தீந்துருக்கும்."

"சீனி முந்தித்தானட்டி இருந்துச்சு."

ராஜபாளையம் வருகிற வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

போனில் தேடிப் பார்த்து ஒரு பொம்மையை வாங்கினேன். பாறை மேல் ஒரு வேட்டைக்காரன் நிற்கிறான், கீழே ஒரு வெள்ளை நாய் அவனை அண்ணாந்து பார்க்கிறது. அசல் ராஜபாளையம் நாய். படத்தின் கீழே 1/24 என்று போட்டிருந்தது. கம்பெனியின் கதவு நம்பர் என்று எடுத்துக்கொண்டேன். என் வீடு 1/27. ஆளும் நாயும் வருவதால் இடம் வேண்டும் என்று கொல்லையில் கோழிக்கூட்டைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, கெடுவுக்கு ஆறு நாள் இருக்கும்போது பார்சல் வந்தது. சோப்பு டப்பாவை விடக் கொஞ்சம் பெரிசு. உள்ளே இரண்டு பிளாஸ்டிக் பைகள். வேட்டைக்காரனை ஒட்டினால் என் நடுவிரல் உயரம் வருவான். நாய், பெருவிரலில் ஒரு கணு.

பக்கத்து வீட்டு கௌதம்ராஜைக் கூப்பிட்டேன். அவர் நாய் வளர்க்கிறவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். சந்தேகம் வந்தால் மட்டும் வெளியிலும் தெலுங்கு வந்துவிடும். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கதவு நம்பர் இல்ல ஐயாதுரை. நெஜ நாயோட நீட்டத்தை இருபத்துநாலு பங்கு போட்டா, அதுல ஒரு பங்கு இது."

"மிச்ச இருபத்துமூணு பங்கு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? கம்பெனிக்காரனைக் கேளும்."

டப்பாவுக்குள் ஒரு தாள் இருந்தது. எறும்பு மையை மிதித்துவிட்டு நடந்ததுபோல ஏதோ பாஷை. அதன் மேல் போனைப் பிடித்தால் போன் தமிழில் சொல்லும் என்றார் கௌதம்ராஜ். பிடித்தேன். போன் சொன்னது: 'பிசின் துண்டுகளை முதலில் வெதுவெதுப்பான சோப்பு நீரில் இடவும்.'

ரெசின் என்றால் பிசின். இதை சுயம்புலிங்கம் யாரிடமும் சொன்னதில்லை. பங்குனி வெயிலில் ராஜபாளையத்தில் பாதாம் பிசின் ஊறாத வீடு உண்டா? சாயங்காலம் சுண்டைக்காய் அளவு கட்டியைத் தண்ணீரில் போட்டால் காலையில் கிண்ணம் ததும்பி நிற்கும். மிச்ச இருபத்துமூன்று பங்கு எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தண்ணீரில் இருக்கிறது.

நாயை மட்டும் ஊறப் போட்டேன். உடம்பு, தலை, நாலு கால், இரண்டு காது, வால் என்று ஒன்பது துண்டு. துணி துவைக்கிற தொட்டியில் பாதி, வாளியில் பாதி. வேட்டைக்காரனின் தலையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மூக்கை விடைத்துக்கொண்டு அப்படியே சுயம்புலிங்கத்தின் சாடை. உலகத்துக்கு ஒன்றே அதிகம் என்று அதை டப்பாவிலேயே போட்டு மூடினேன்.

காலையில் தொட்டி விரிசல் விட்டிருந்தது. நாயின் உடம்பு தொட்டியை நிறைத்து மேலே எழும்பி நின்றது. வால் வாளியை இறுக்கிப் பிடித்திருந்தது. ஒரு காது குழாயின் வாய்க்குள் போய் அடைத்துக்கொண்டு, அந்த வரிசையில் நாலு வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. ஆவுடையம்மாள் துணியோடு வந்து பார்த்தாள். "சோப்புத் தண்ணிய எங்க கொட்டுனிய?" என்று மட்டும் கேட்டாள்.

கௌதம்ராஜ் டேப்பை வைத்து அளந்தார். "ரெண்டடி ரெண்டங்குலம். உயரம் சரி. ஆனா இதி மன குக்க காது," என்றார். நம்ம ஊர் நாய் இல்லையாம். "ராஜபாளையம் நாய்க்கு மூக்கு ரோஸா இருக்கணும். இதுக்கு வெளுத்துக் கெடக்கு."

"பெயிண்ட் அடிப்பேன்."

"அடிச்சிப் பாரும்," என்றார். அவருக்கும் என்மேல் பெரிய பிரியம் கிடையாது. அவர் நாய் என் கோழி இரண்டைத் தின்றதிலிருந்து பேச்சு அளவோடுதான்.

வார்த்த இடத்தில் பிசிறுகள் இருந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இரண்டு நாள் தேய்த்ததில் தெருவே வெளுத்துவிட்டது. மில்லில் பஞ்சு வெடித்துவிட்டது என்று பார்க்கக் கூட்டம் வந்தது. எதிர்வீட்டுக்காரர் அந்த வருஷம் வெள்ளையடிக்கவில்லை. அதற்கு நன்றி சொல்லாமல், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார். மேற்கே அய்யனார் கோவில் மலையிலிருந்து குரங்குகள் தும்முவது தெளிவாகக் கேட்டது.

சுயம்புலிங்கம் கால்களை ஒட்டும்போது உள்ளே குண்டூசிக் கனத்தில் பித்தளைக் கம்பி சொருகுவான். நான் மில்லில் கழித்துப் போட்ட, நூல் சுற்றுகிற பழைய இரும்பு ஸ்பிண்டில்களைச் சொருகினேன், காலுக்கு ஒன்று. தொட்டாலே கழன்று வருவதற்கு இது அவன் ஈட்டி இல்லை. இடைவெளிகளைச் சுவருக்குப் பூசுகிற பட்டியால் அடைத்தேன். மூக்கில் ரோஸ் பெயிண்ட். கடைசி நாள் காலையில் காதுகள். வலக்காதை இடப்பக்கமும் இடக்காதை வலப்பக்கமும் ஒட்டிவிட்டேன். இடதுகைக்காரனுக்கு அது இயல்பு. காது பிடிக்கிற வரை, பசை வழிந்திருந்த பிடரியில் இடது கையை ஊன்றி நூறு வரை எண்ணினேன். காதும் பிடித்தது, கையும் பிடித்தது.

வெந்நீர் ஊற்றினோம், தேங்காயெண்ணெய் தடவினோம். கை வரவில்லை. ஆவுடையம்மாள் அரிவாள்மனையைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எதை வெட்டணும்னு சொல்லுங்க," என்றாள்.

சித்திரை ஒன்று. நேரம் போய்க்கொண்டிருந்தது. அரிவாள்மனையை வைத்துவிட்டு ஆவுடையம்மாளும் கூட வர, நாயோடு பஸ் ஏறினேன். துணைக்கு வந்த கௌதம்ராஜ் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைத் தெரியாதவர் மாதிரி இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தார்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "நாயெல்லாம் ஏத்தக் கூடாது. எறங்கும்."

"நாய் இல்லய்யா. பொம்மை."

"பொம்மைன்னா லக்கேஜ். டிக்கெட் எடும்."

"கையோட ஒட்டிருக்கு. கைக்கு லக்கேஜ் போடுவீரா?"

கண்டக்டர் நாயைச் சுற்றி வந்து பார்த்தார். பிடரியில் என் கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். "மணிக்கட்டு வரைக்கும் நீரு. அதுக்கங்கிட்டு லக்கேஜ்," என்று சீட்டைக் கிழித்து நாயின் வாயில் சொருகிவிட்டுப் போனார். மனுஷனை இம்புட்டு அவமானமாக நடத்திய பஸ்ஸில் நான் அதற்கு முன் ஏறியதில்லை.

மடவார் வளாகத்தில் வீடு நிறையக் கூட்டம். காதுகுத்தில் சிரித்த அத்தனை பேரையும் சுயம்புலிங்கம் கூப்பிட்டு வைத்திருந்தான். ரசக்காரனைக்கூட. என்னை முற்றத்திலேயே நிறுத்தினான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாயை ஒரு சுற்று வந்தான்.

"ராஜபாளையத்தார் நாயை மட்டும்ல கொண்டாந்துருக்காவ. படத்துல வேட்டைக்காரன் இருந்தானே, அவன் எங்க? முழுசாச் செய்யணும்னுதானே பேச்சு?"

"மூஞ்சி சரியில்ல. விட்டுட்டேன்."

"அளவும் தப்பு."

"ஊற வச்சா ஊறத்தான செய்யும்."

"காது மாறிக் கெடக்கு." அவன் குரலில் ஒரு சந்தோஷம் வந்தது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "இங்க பாருங்க. என் ஈட்டி தொட்டாலே வருதுன்னு சொன்னாவல்ல? இப்ப இவிய ஒட்டுன காது என்ன செய்யிதுன்னு பாருங்க." நாயின் காதைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான்.

காது வரவில்லை. தலை திரும்பியது.

அதே நேரத்தில் என் கை பிடரியிலிருந்து விடுபட்டது. அதுவரை நாய்தான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். நான்தான் நாயைப் பிடித்து வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நாய் வாயிலிருந்த பஸ் டிக்கெட்டைத் துப்பிவிட்டு அவனைப் பார்த்தது. குரைக்கவில்லை. எங்கள் ஊர் நாய் முதலில் குரைக்காது. சுயம்புலிங்கம் பின்னால் நகர்ந்தான், நாய் முன்னால் நகர்ந்தது. முற்றத்தின் மூலையில் பழைய ஆட்டுரல் ஒன்று கிடந்தது. ஐம்பத்தொன்பது வயசில் ஒருத்தன் அப்படித் தாவி நான் பார்த்ததில்லை. உரல் மேல் ஏறி நின்றுகொண்டான். நாய் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது.

கௌதம்ராஜ் மெதுவாக முன்னால் வந்து டப்பாவைத் தூக்கிப் பிடித்தார். படத்தையும் உரலையும் மாறி மாறிப் பார்த்தார். பாறை மேல் வேட்டைக்காரன், கீழே அண்ணாந்து பார்க்கிற நாய். மூக்கின் விடைப்பு உட்பட ஒரு மாற்றம் இல்லை.

"முழுசா இருக்கு," என்றார். "ஐயாதுரை சொன்னபடி செஞ்சிட்டாரு."

"ராஜபாளையத்தாரை நாயைக் கூப்பிடச் சொல்லுங்க," என்றான் உரல் மேலிருந்து.

நான் அப்போதுதான் முதல்முறையாக அந்த வீட்டில் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். "ராஜபாளையத்தாருன்னா யாரு? இங்க நானும் இருக்கேன், கௌதம்ராஜும் இருக்காரு, நாயும் இருக்கு. மூணு பேரும் அந்த ஊருதான்."

நாய் முன்னங்கால்களை உரலின் விளிம்பில் வைத்தது.

"அத்தான்," என்றான். "நாயைப் பிடிங்கத்தான்."

ஆவுடையம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். முதல் தடவை பயத்தில் வந்தது, கணக்கில் சேராது என்று ரசக்காரன் சொன்னான். நியாயம்தான் என்று நாயை இன்னும் செத்த நேரம் அப்படியே விட்டேன். மொத்தம் பதினோரு தடவை அத்தான் என்றான். நாற்பது வருஷத்துக்குப் பதினொன்று கம்மிதான், ஆனாலும் நான் பேராசைக்காரன் இல்லை.

பொறவு நாயைக் கூப்பிட்டேன். சுயம்புலிங்கம் இறங்கி, வேட்டியைச் சரிசெய்து, உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் பால்கோவா கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். ஆவுடையம்மாள் என் பின்னால் வந்து நின்று தோளில் ஒரு விரலை வைத்து அழுத்தினாள். ஒரு வாய் போட்டேன்.

"சீனி சரியா இருக்கு மாப்ளே," என்றேன். இந்தக் கதையில் உள்ள ஒரே பொய் அதுதான்.

நாயைக் கேட்பீர்கள். அன்று சாயங்காலமே மேற்கே செண்பகத்தோப்புக் காட்டுப் பக்கம் போய்விட்டது. அங்கே மழை அதிகம், இந்நேரம் இன்னும் ஊறியிருக்கும். கௌதம்ராஜைக் கேட்கலாம் என்றால், என் கோழி விஷயமாக மறுபடி பேச்சு நின்றுவிட்டதால் நான் சொல்வது எதையும் அவர் ஆமாம் என்று சொல்ல மாட்டார். கண்டக்டரின் பெயரை நான் கேட்டு வைக்கவில்லை. ஆவுடையம்மாள் எப்போதுமே தம்பி பக்கம். ஆக, நடந்ததற்கு நானே சாட்சி, மேலே கற்பூரத்தையும் சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சித்திரை ஒன்றிலிருந்து நான் சுயம்புலிங்கத்தை, நேரிலும் சரி, போனிலும் சரி, அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டு வருகிறேன்.